கொப்பரைப்பாளையத்தில் நீர் சாய்ந்த வரலாறு

2006ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் பதினான்காம் நாள், செவ்வாய்க்கிழமை, வானில் ஒரு துண்டு மேகமும் இல்லை. என் வீட்டு முன்சுவரில் தொங்கும் வெப்பமானி காலை ஏழு மணிக்கே இருபத்தொன்பது பாகை காட்டியது. மேற்கிலிருந்து வீசிய வறண்ட காற்று, களங்களில் காய்ந்துகொண்டிருந்த தேங்காய்ப் பருப்பின் வாசனையை ஊர் முழுவதும் பரப்பிக்கொண்டிருந்தது. அன்று ஆறே முக்கால் மணிக்கு, கிழக்கு வீதிப் பொதுக்குழாயடியில், டீக்கடை மருதாசலமும் அவர் மனைவி கண்ணம்மாளும் ஒரு பெரிய அண்டாவை ஆளுக்கொரு காதாகப் பிடித்து வைத்துக் குழாயைத் திறந்தபோது, நேராக விழவேண்டிய நீர்த்தாரை நேராக விழாமல், கண்ணம்மாளின் பக்கமாக ஒரு சாண் வளைந்து, அண்டாவின் விளிம்பைத் தாண்டித் தரையில் விழுந்தது. "அண்டாவ இப்படித் தள்ளுங்க" என்றாள் கண்ணம்மாள். மருதாசலம் தள்ளினார். அண்டா நிறைந்தது. அவர்கள் தூக்கிக்கொண்டு போனார்கள். பின்னால் வரிசையில் நின்ற பதினொரு பேரும், ஒரு சாண் தள்ளி வைப்பதா, நான்கு விரற்கடை தள்ளி வைப்பதா என்பதைத் தவிர வேறொரு கேள்வியும் கேட்கவில்லை.

மூன்று நாளுக்குள் ஊருக்கு இதன் விதிகள் தெரிந்துவிட்டன. தனியாக நிற்பவர் எவராயினும் நீர் நேராகவே விழும். இருவர் சேர்ந்து நின்றால், அவர்களுள் எவர் மற்றவரைத் தம்பக்கம் இழுப்பவரோ அவர்பக்கமாகச் சாயும். இருவரும் சமமாக இழுப்பவராயின் நேராக விழும். இதை அறிந்த பிறகு, இருபது ஆண்டுகளாக மனைவியோடு குழாயடிக்கு வந்து குடம் தூக்கிய ஆண்கள் பலருக்கு ஒரே வாரத்தில் மூட்டுவலி வந்தது. எண்ணெய் ஆலை ஒன்றின் பங்காளிகள் இருவர் கை கழுவச் சேர்ந்து நின்று, நீர் சாய்ந்த பக்கத்தைப் பார்த்து, கையைத் துடைத்துக்கொண்டு, அன்று மாலையே ஆலையைப் பிரித்துக்கொண்டார்கள். பெண்பார்க்க வந்தவர்கள் காப்பி குடித்தபின் பெண்ணையும் மாப்பிள்ளையையும் குழாயடிக்கு அழைத்துப்போவது வழக்கமாயிற்று. மாப்பிள்ளை வீட்டார் தங்கள் பக்கம் நான்கு விரற்கடைச் சாய்வை எதிர்பார்த்தார்கள். பெண்ணைப் பெற்றவர்கள் நேராக விழுந்தால் போதும் என்று அம்மனுக்கு வேண்டிக்கொண்டார்கள். தேங்காயெண்ணெய் மட்டும் எவர் அருகில் நின்றாலும் தகரத்திலிருந்து நூல் பிடித்தாற்போல நேராக இறங்கியது. "எண்ணெய்க்கு ஊர்ச் சங்கதி எதுக்குங்க?" என்று ஆலைக்காரர்கள் பெருமையடித்துக்கொண்டார்கள்.

இந்த இடத்தில் என் பிழையையும் எழுதிவிட வேண்டும். முப்பத்தோராண்டுகள் வேதியியல் கற்பித்து ஓய்வுபெற்றவன் நான். தேவையற்ற இடத்தில் வாயைத் திறக்காமல் இருக்கும் கலையை மட்டும் அத்துறை எனக்குக் கற்பிக்கவில்லை. மருதாசலத்தின் டீக்கடையில், தலைவாரிய சீப்பை மெல்லிய நீர்த்தாரையின் அருகே கொண்டுசென்றால் தாரை வளைவதையும், எண்ணெய்த்தாரை வளையாததையும் காட்டி, நீரின் மூலக்கூறு முனைவுள்ளது, அதாவது மின்னிழுப்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது, எண்ணெயினது முனைவற்றது என்று விளக்கினேன். ஒரு மூலக்கூறு முனைவுள்ளதா, முனைவற்றதா என்று எப்படிக் கண்டறிவது என ஒருவர் கேட்டார். கேட்டவர் அதோடு நிறுத்தியிருக்கலாம், நானும் நிறுத்தியிருக்கலாம். முதலில் அணுக்களுக்கிடையே உள்ள ஒவ்வொரு பிணைப்பையும் பார்க்க வேண்டும், எந்த அணு எலக்ட்ரான்களைத் தன்பக்கம் அதிகமாக இழுக்கிறது என்று அறிய வேண்டும்; அடுத்து வடிவத்தைப் பார்க்க வேண்டும்; இழுப்புகள் எதிரெதிர்த் திசையில் சமமாக இருந்தால் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும், வளைந்த வடிவமாயின் அழியா; வடிவத்தைப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்லலாகாது என்று, கண்ணாடித் தம்ளர்களை மேசைமேல் அடுக்கி, ஒரு மணி நேரம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள். மறுவாரம் ஊராட்சி 'நீர்ச்சாய்வுக் குழு' என ஒன்றை அமைத்து, என்னை ஆலோசகராகவும், தையற்கடை அவிநாசியப்பனை அளவராகவும் நியமித்தது. அவரிடம் டேப் இருந்தது என்பதே அவருடைய தகுதி.

குழுவினர் நான் சொன்னவற்றுள் முதற்பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருவருடைய சாய்வை அளப்பதாயின் அவரை நடுவில் நிறுத்தி, இரு பக்கத்து உறவையும் இரு புறமும் நிறுத்த வேண்டும் என்றார்கள். ஆணாயின் வலப்புறம் பங்காளி, இடப்புறம் மாமன் மச்சான். பெண்ணாயின் வலப்புறம் பிறந்த வீடு, இடப்புறம் புகுந்த வீடு. அதுவரை சரி. ஆனால் மூவரும் சுண்ணாம்புத்தூளால் போட்ட நேர்கோட்டில், தோளோடு தோள் ஒட்டி, கல்யாணப் படத்துக்கு நிற்பதைப் போல நிற்க வேண்டும் என்றார் அவிநாசியப்பன்.

"வடிவம் ஒவ்வொரு குடும்பத்துக்கும் வேறு வேறு, அவிநாசியப்பன்! எல்லாரையும் நேர்கோட்டில் நிறுத்திவிட்டால் பிறகு எதை அளப்பீர்கள்?"

"சார், நல்ல காரியத்துக்கு நேராத்தானுங்க நிக்கோணும். கோணல் மாணலா நிக்கறது எழவு ஊட்டுலதான்."

"நான் மூலக்கூற்றைப் பற்றிப் பேசுகிறேன்."

"நானும் மரியாதையப் பத்தித்தானுங்க பேசறேன்."

தலைவர் நல்லமுத்து, "சரீங்க சார், கோடு கெடக்கட்டும்" என்று முடித்துவைத்தார். முப்பத்தோராண்டுகள் விடைத்தாள் திருத்தியவனுக்கு, பாதி விடை எழுதிவிட்டு முழு மதிப்பெண் கேட்பவர்களைக் கண்டால் ஏற்படும் எரிச்சல் புதியதன்று. ஆனால் பள்ளியில் என் கையில் சிவப்பு மை இருந்தது.

மே மாதத் தொடக்கத்தில் ஊராட்சியில் ஒரு தீர்மானம் நிறைவேறியது: மேல்நிலைத் தொட்டியின் சாவி, நீர் யாருக்குச் சாய்கிறதோ அவர் கையில்தான் இருக்க வேண்டும், நீர் மதியாதவர் கையில் ஊரின் நீர் இருத்தலாகாது. அந்தச் சாவி அதுவரை துளசிமணியின் கையில் இருந்தது. முப்பத்தொன்பது வயது, கணவன் கொப்பரை லாரி ஓட்டுபவன், மாதத்தில் இருபது நாள் வெளியூரில் இருப்பவன். ஒன்பது ஆண்டுகளாக, தற்காலிகப் பணியாளராகவே, நாள்தோறும் காலை ஆறரை மணிக்குத் தொட்டியடியிலுள்ள நான்கு வால்வுகளையும் திறந்து, அறுபத்திரண்டு படி ஏறி, மட்டம் சரியாக இறங்குகிறதா என்று மேலிருந்து பார்த்து, ஏழு மணி பத்து நிமிடத்துக்கு மூடிவந்தாள். அந்த ஒன்பதாண்டுகளில் நான்கு வீதிகளில் எந்த வீதியும் குடம் குறைந்தது என்று மனுக் கொடுத்ததில்லை. இதை அப்போதே நான் எண்ணிப் பார்த்திருக்க வேண்டும். எண்ணவில்லை.

மே பதினைந்தாம் நாள் காலை, தொட்டியடிக் குழாயின் முன் அவளை நிறுத்தினார்கள். வலப்புறம் பிறந்த வீட்டுக்கு அவளுடைய அண்ணன் சென்னியப்பன்; இடப்புறம் புகுந்த வீட்டுக்கு அவள் கணவனின் அக்காள், அவள் 'நங்கையா' என்று அழைக்கும் வேலாத்தாள். இவ்விருவரும் பத்தொன்பது ஆண்டுகளாகப் பேசிக்கொள்வதில்லை. பேசிக்கொள்ள வேண்டியவை அனைத்தையும் துளசிமணி மூலமாகவே பேசினார்கள்: ஆடி நோன்புக்கு அவள் எங்கே இருக்க வேண்டும், அவளுடைய மகளுக்கு யார் பெயர் வைக்க வேண்டும், அண்ணன் தோப்பில் தேங்காய் பறிக்கும் நாளில் நங்கையாள் வீட்டில் மஞ்சள் வேகவைத்தால் அவள் எங்கே போக வேண்டும். அவிநாசியப்பன் குழாயைத் திறந்தார். நீர் நேராக விழுந்தது. நேராக விழுந்தது என்றாலும், இழுத்துக் கட்டிய கம்பியைச் சுண்டிவிட்டாற்போல மேலிருந்து கீழ்வரை அதிர்ந்துகொண்டே விழுந்தது.

"பூச்சியம்" என்று சொல்லி எழுதினார் அவிநாசியப்பன்.

"நீர் நடுங்குகிறதே, தெரியவில்லையா?" என்றேன்.

"டேப்புல நடுக்கத்துக்குக் கோடு போடலீங்களே சார்."

நான் அங்கேயே நின்று கரியமில வாயுவின் மூலக்கூற்றை விளக்கினேன். நடுவில் ஒரு கார்பன். இரு புறமும் ஆக்சிஜன். இரண்டும் வலிமையாக இழுக்கின்றன. ஆனால் நேர்கோட்டில், எதிரெதிராக, சமமாக இழுப்பதால் கூட்டுத்தொகை பூச்சியம். இழுப்பு இல்லாததால் வந்த பூச்சியம் வேறு. இரண்டு இழுப்புகள் மோதி வந்த பூச்சியம் வேறு. இந்தப் பெண்ணின் பூச்சியம் இரண்டாவது வகை. வடிவத்தை மாற்றி நிறுத்திப் பாருங்கள் என்றேன்.

தலைவர் நல்லமுத்து பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க சொல்றது சோடாக் கேஸுதானுங்களே சார்? சோடாவுக்கும் நம்ம டேங்குக்கும் என்னுங்க சம்பந்தம்?" என்றார். கூட்டம் சிரித்தது. துளசிமணி இடுப்பிலிருந்து சாவியை எடுத்துக் குழுவின் மேசைமேல் வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல் போனாள்.

அடுத்து நிறுத்தப்பட்டவன் வரதராசு. தலைவருடைய மனைவியின் தம்பி. பங்காளிகள் எவரும் இல்லாதவன். அவனுக்கு வலப்புறம் காற்றுதான் நின்றது. இடப்புறம் மாமன் முறைக்குத் தலைவரே நின்றார். நீர் தலைவர்பக்கமாக இரண்டு சாண் வளைந்தது. "ரெண்டு சாண்!" என்று அவிநாசியப்பன் கூவினார். அது தலைவருடைய இழுப்பு, வரதராசு வெறுமனே இழுபடுகிறான் என்று நான் சொன்னதைக் கேட்க அங்கே யாரும் இருக்கவில்லை. அனைவரும் மாலை வாங்க ஓடிக்கொண்டிருந்தார்கள். மூன்று வாரச் சோதனை முறையில் சாவி அவனுக்குக் கொடுக்கப்பட்டது.

அந்த மூன்று வாரமும் வரதராசு நாள்தோறும் வால்வைத் திறந்தான். தலைவர் நாள்தோறும் வந்து துணைக்கு நின்றார். மேற்கு வீதியில், தலைவர் வீட்டிருக்கும் வீதியில், குழாயைத் திறந்தால் வாளி கவிழும் வேகத்தில் நீர் வந்தது. கிழக்கு வீதியில் குழாய் இருமியது. மே மாதம் அல்லவா, கோடையில் இருமாமல் என்ன செய்யும் என்றார்கள் கிழக்கு வீதியார். வடக்கு வீதியில் காலை பத்து மணிக்கு நீர் வந்தது. தெற்கு வீதியில் ஒருநாள் விட்டு ஒருநாள் வந்தது. மக்கள் குடங்களோடு மேற்கு வீதிக்கு நடந்தார்கள். நடப்பதற்கு வசதியாக இரண்டு கடைகளும் ஒரு மோர்ப்பந்தலும் வழியில் தோன்றின. சாய்வுக்காரன் கையில் சாவி வந்தபின் ஊரில் வியாபாரம் பெருகிவிட்டது என்று பந்தலில் பேசிக்கொண்டார்கள். நான் இவற்றையெல்லாம் பார்த்தேன். என் கவனமோ அந்தப் பூச்சியத்தின்மேல் இருந்தது. தவறான விடை திருத்தப்படாமல் கிடப்பது எனக்குத் தொண்டையில் சிக்கிய மீன்முள்ளைப் போன்றது.

துளசிமணியைத் தேடிச் சென்றேன். கொப்பரைக் களத்தில் கூலிக்குத் தேங்காய் உடைத்துக்கொண்டிருந்தாள்.

"மறு சோதனைக்கு மனு எழுதியிருக்கிறேன். ஒரு கையெழுத்துப் போடு."

"எதுக்குங்க சார்? ரெண்டு பேரும் மறுபடியும் வந்து நின்னு மொறச்சுக்கறதுக்கா?"

"அந்தச் சாவி உனக்கு வேண்டாமா?"

அவள் அரிவாளை நிறுத்தினாள். "அண்ணன் ஊட்டுக்குப் போனா, 'நீ அந்த ஊட்டுக்காரி'ம்பாங்க. நங்கையா ஊட்டுக்குப் போனா, 'அந்த ஊட்டுப் புள்ள'ம்பாங்க. வேலைன்னா மட்டும் ரெண்டு ஊட்டுக்கும் நான் வேணும். காதுல கெடக்கற தோடு அண்ணன் போட்டது, கட்டியிருக்கற சீல நங்கையா எடுத்தது. அந்தச் சாவி ஒண்ணுதானுங் சார் ரெண்டு பேரும் குடுக்காம எங்கிட்ட இருந்தது."

"அப்படியானால் நான் சொல்வதைக் கேள். இந்த முறை நேர்கோட்டில் நிற்க வேண்டாம். நூற்று நான்கரைப் பாகைக் கோணம் போட்டுத் தருகிறேன். நீ முனையில் நில். அவர்கள் இருவரும் சற்றுப் பின்னால், இரு கைகளைப் போல. நீரின் மூலக்கூறே அப்படித்தான் இருக்கிறது. கூட்டினால் பூச்சியம் வராது."

"ஒம்பது வருசமா நேரா நின்னவள இப்ப வளைஞ்சு நில்லுங்கறீங்க."

"நீ வளைய வேண்டியதில்லை! வரிசைதான் வளைய வேண்டும்" என்று நான் குரலை உயர்த்த வேண்டியதாயிற்று. அவள் தேங்காய் நீர் படிந்த கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு கையெழுத்திட்டாள்.

ஜூன் ஐந்தாம் நாள், திங்கட்கிழமை, காலை ஐந்தரை மணிக்கே பள்ளியிலிருந்து மரக்கோணமானியை வாங்கிவந்து, சுண்ணாம்புத்தூளால் கோணத்தைப் போட்டு முடித்தேன். குழாய்க்கு நேரே நடுவில் நிற்பவர் நகரக்கூடாது, அது விதி என்றார் அவிநாசியப்பன். ஆகவே சென்னியப்பனும் வேலாத்தாளும் தத்தம் இடத்திலிருந்து இரண்டடி பின்னால் போக வேண்டும். இரண்டே அடி.

"அந்தம்மா மொதல்ல போவட்டும்" என்றார் சென்னியப்பன். "பொண்ணக் குடுத்தவன் நான். நாந்தான் பின்வாங்கோணுமா?"

"பொண்ணக் குடுத்தாராமா!" என்றார் வேலாத்தாள், தொட்டியின் தூணைப் பார்த்து. "குடுத்த பொண்ண மாசத்துக்கு ரெண்டு தடவ திருப்பிக் கூட்டீட்டுப் போறதுதான் இவங்க ஊட்டுல குடுக்கற லச்சணம்."

"நோம்புக்குக் கூட்டீட்டுப் போனா அது தப்புங்களா சார்? நீங்களே சொல்லுங்க."

"எனக்கு நோன்பு வேண்டாம், இரண்டடி வேண்டும்" என்றேன். "இருவரும் ஒரே நேரத்தில் நகருங்கள். மூன்று எண்ணுகிறேன்."

மூன்று எண்ணினேன். இருவரும் மற்றவர் காலைப் பார்த்தபடி நின்றார்கள். ஆறு முறை எண்ணினேன். ஏழாம் முறை எண்ணும்போது வேலாத்தாள், "பள்ளிக்கொடத்துலகூட இத்தன தடவ எண்ணியிருக்க மாட்டாரு" என்றார். அது ஒன்றுக்குத்தான் சென்னியப்பனும் சிரித்தார்.

துளசிமணி நிமிர்ந்து சூரியனைப் பார்த்தாள். "மணி ஆறரை ஆச்சுங்க. தண்ணி உடோணும்" என்றாள். வரதராசு பூட்டையும் சாவியையும் மேசைமேல் வைத்துவிட்டு வடை தின்னப் போயிருந்தான். அவள் வரிசையிலிருந்து விலகி, சாவியை எடுத்து, நான்கு வால்வுகளையும் திறந்துவிட்டு, பழக்கம் மாறாமல் ஏணியில் ஏறத் தொடங்கினாள். "வரிச கலைஞ்சுது, வரிச கலைஞ்சுது" என்று அவிநாசியப்பன் பின்னாலேயே கத்தினார். அவள் திரும்பவில்லை. நாற்பதாம் படியை அவள் கடந்தபோது மேல்காற்று புடவையைப் பிடித்து ஒரு சுழற்றுச் சுழற்ற, கோட்டின் இரு முனைகளிலும் அசையாமல் நின்றிருந்த இருவரும் தலையை நிமிர்த்தி, ஒரே நேரத்தில், ஒரே சொல்லை, "பாத்து!" என்று கூவினார்கள்.

பத்தொன்பது ஆண்டுகளில் முதன்முறையாக அவ்விருவரின் இழுப்பும் ஒரே பக்கமாக, கீழ்நோக்கி, விழுந்தது. நான் மேலே பார்த்தேன்: அவள் உச்சியில், அவர்கள் இருவரும் அடியில், கவிழ்த்துவைத்த கவட்டையைப் போல. நான் தரையில் போட்ட கோணம் ஆகாயத்தில் நின்றது. சோதனைக்காக அவிநாசியப்பன் திறந்துவைத்திருந்த தொட்டியடிக் குழாயின் நீர்த்தாரை சாய்ந்தது. சாண் கடந்து, முழம் கடந்து, அவிநாசியப்பனின் டேப்பில் முப்பத்தெட்டாம் அங்குலம்வரை படுத்துக்கொண்டு ஓடியது.

"எழுதுங்கள்!" என்று கூவினேன். "முனைவுள்ளது! வடிவம், அவிநாசியப்பன், வடிவம்!"

அவர் எழுதிக்கொண்டிருந்தபோதே கிழக்கு வீதியிலிருந்து நான்கு பெண்கள் வெறுங்குடத்தோடு வந்தார்கள். பின்னால் மேற்கு வீதியிலிருந்து ஏழு பேர். பிறகு வடக்கு, தெற்கு. எந்த வீதியிலும் ஒரு சொட்டும் வரவில்லை; ஊரின் குழாய்களிலிருந்த நீரெல்லாம் திரும்பி, தொட்டியடியில் நின்ற அந்த இருவரை நோக்கிச் சாய்ந்துகொண்டிருந்தது. மேலிருந்து துளசிமணியின் குரல் கேட்டது.

"சார்! மட்டம் எறங்கலீங்க! அண்ணனையும் நங்கையாளையும் ஊட்டுக்குப் போகச் சொல்லுங்க!"

"ஒரு நிமிடம் பொறு அம்மா! இரண்டாம் அளவு எடுத்துவிடுகிறோம்!"

"நீங்க அளந்துட்டே இருங்க! ஊரு என்னத்தக் குடிக்கறது?"

என்னை அதுவரை எந்த மாணவரும் அப்படிக் கேட்டதில்லை. அவள் அண்ணனைப் பெயர் சொல்லாமல், நங்கையாளை முறை சொல்லாமல், இருவரையும் ஒரே அதட்டலில், "போங்க!" என்றாள். சென்னியப்பன் கிழக்கே திரும்பினார். வேலாத்தாள் மேற்கே திரும்பினார். ஒருவர் ஒருபடி வேகமாக நடந்தால் மற்றவரும் வேகமாக நடந்தார். ஒருவர் நின்று திரும்பி மேலே பார்த்தால் மற்றவரும் நின்று பார்த்தார். எதிரெதிராக, சமமாக, இருபது கஜம், முப்பது கஜம். குழாய்த்தாரை மெல்ல நிமிர்ந்து நேரானது, நடுங்கியது, நேராகவே நின்றது. மேலே மட்டம் இறங்கியது. நான்கு வீதிகளிலும் ஒரே நேரத்தில் நீர் வந்தது. வந்த செய்தியை நான்கு வீதியாரும் ஒரே நேரத்தில் கூவிச் சொன்னார்கள்.

அப்போதுதான் எனக்கு விளங்கியது. விளங்க வேண்டிய நாளிலிருந்து எண்பத்து மூன்று நாள் கழித்து. ஒன்பதாண்டுகள் நான்கு வீதிகளுக்கும் குடம் பிசகாமல் நீர் போனது அந்தப் பூச்சியத்தால். யார்பக்கம் நீர் சாய்கிறதோ அவர் கையில் ஊரின் நீரைக் கொடுத்தால், அது அவர்பக்கமே சாயும். இதை அறிய வேதியியல்கூட வேண்டியதில்லை, கிழக்கு வீதியில் ஒரு காலி வாளி போதும். துளசிமணியின் பூச்சியம் குறை என்று கருதி, அதைத் திருத்துவதற்காக மரக்கோணமானியோடு அலைந்த ஒரே ஆள் நான்.

மேசைக்கு ஓடினேன். "அவிநாசியப்பன், அந்த முப்பத்தெட்டை அடியுங்கள். பூச்சியம் என்றே இருக்கட்டும். பூச்சியம்தான் தகுதி."

அவிநாசியப்பன் பேனாவை மூடினார். "சார், போன மாசம் பூச்சியம் தப்புன்னீங்க. இப்ப முப்பத்தெட்டு தப்புங்கறீங்க. மை என்னுங்க ஆகறது?"

"அன்று நான் தவறாகச் சொன்னேன்."

"நீங்களா?" என்றார் தலைவர், உண்மையாகவே அதிர்ந்துபோய். ஊரில் அன்றைக்கு வரை நிகழ்ந்தவற்றுள் அது ஒன்றுதான் அவருக்கு நம்ப முடியாததாக இருந்தது போலும். பிறகு அவர் பதிவேட்டைப் பார்த்தார், அவிநாசியப்பனைப் பார்த்தார், இறங்கிவரும் துளசிமணியைப் பார்த்தார். "எப்படியோ ஆகட்டுங்க சார். ஊருல இதுவரைக்கும் முப்பத்தெட்டு யாருக்கும் வந்ததில்ல. தீர்மானப்படி சாவி அந்தப் புள்ளைக்குத்தான்."

"காரணம் தவறு."

"சாவி சரிங்களே?"

விடை சரி, வழிமுறை தவறு. அத்தகைய விடைத்தாளுக்கு நான் என்றும் பாதி மதிப்பெண்ணுக்கு மேல் கொடுத்ததில்லை. துளசிமணி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவே கையை நீட்டி, மேசைமேலிருந்த பூட்டை எடுத்துக்கொண்டு, "வால்வ மூட இன்னும் பதினஞ்சு நிமிசம் இருக்குங்க. நான் டீ குடிச்சுட்டு வாரேன்" என்று சொல்லிப் போனாள். சாவி அவள் இடுப்பில் இருந்தது.

பின்னர் நிகழ்ந்தவை இவை. 2006 ஜூன் பன்னிரண்டாம் நாள் ஊராட்சிக் கூட்டத்தில் துளசிமணியின் நியமனம் உறுதி செய்யப்பட்டது. பதிவேட்டில் அவளுடைய சாய்வு முப்பத்தெட்டு அங்குலம் என்றே உள்ளது. அதைத் திருத்தக் கோரி நான் கொடுத்த மூன்று மனுக்களும் 'பரிசீலனையில்' இருக்கின்றன. அவள் ஒரே ஒரு நிபந்தனை விதித்தாள்: காலை ஆறரை முதல் ஏழு மணி பத்து நிமிடம்வரை தொட்டி வளாகத்துக்குள் அவளைத் தவிர வேறு எவரும், உறவினராயினும் தலைவராயினும் ஆலோசகராயினும், நிற்கலாகாது. அதற்கு ஒரு பலகை வைக்கப்பட்டது. மறு ஆண்டு மற்றோர் ஊராட்சி எங்கள் முறையைக் கேட்டறிந்து, தங்கள் பணியாளர் தேர்வில் அனைவரையும் ஏணியில் ஏற்றி, உறவினரைக் கீழே நின்று கத்தச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அவர்களுக்கு நான் எழுதிய கடிதத்துக்குப் பதில் வரவில்லை. வரதராசு மோர்ப்பந்தலைக் கடையாக்கி நடத்துகிறான். 2013இல் துளசிமணியின் பணி நிரந்தரமாக்கப்பட்டது. சென்னியப்பனும் வேலாத்தாளும் இன்னும் பேசிக்கொள்வதில்லை. நாள்தோறும் காலை ஆறரை மணிக்கு, ஒருவர் கிழக்கு வீதியிலும் ஒருவர் மேற்கு வீதியிலும், குடத்தோடு தத்தம் வாசலில் நின்று, நீர் வந்துவிட்டதா என்று பார்க்கிறார்கள். வருகிறது.